வளர்ச்சின்னா கூட்டல் மட்டும்தானா?

எல்லாருக்கும் வணக்கம். "வளர்ச்சி"ன்னு தலைப்பு கொடுத்துட்டாங்க, எந்த வளர்ச்சின்னு சொல்லல. எகனாமிக்ஸ் படிச்சவர்கிட்ட கேட்டா ஜிடிபி, அதாவது நாடு ஒரு வருஷத்துல உற்பத்தி பண்றதோட மொத்த மதிப்பும்பார், குழந்தைங்க டாக்டர் "கழுத்து நின்னுடுச்சா, குப்புற விழுதா"ன்னு கேப்பார், பிளாட் விக்கிறவர் "சார் பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட் வரப்போகுது"ம்பார். நான் உயிரியல்ல ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்கதான் இதை செல் செல்லா எண்ணியே பாத்திருக்காங்க.

சி. எலிகன்ஸ்னு ஒரு புழு, ஒரு மில்லிமீட்டர் நீளம், உள்ள நடக்கறதெல்லாம் வெளியவே தெரியும். கேம்பிரிட்ஜ்ல ஜான் சல்ஸ்டன்னு ஒருத்தர் மாசக்கணக்கா மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சுகிட்டு, முட்டைக்குள்ள ஒரு செல் ரெண்டாகி நாலாகி எங்கெங்க போகுதுன்னு கையாலயே வரைஞ்சு வச்சார் (என்ன பொறுமை பாருங்க, நம்மால ஒரு ரீல்ஸ் முழுசா பாக்க முடியல). அவங்க கணக்குல அந்தப் புழுவோட உடம்புக்கு 1,090 செல் உண்டாகுது, ஆனா வளந்து நிக்கிற புழுவுல இருக்கறது 959தான். மீதி 131 செத்துப்போகுது. நோயும் இல்ல, விபத்தும் இல்ல, எந்த செல் எப்போ சாகணும்னு முன்னாடியே முடிவாகி இருக்கு, ஆண் புழுவுக்கு மட்டும் எண்ணிக்கை கொஞ்சம் வேற, மத்தபடி எந்தப் புழுவை எடுத்தாலும் அதே கணக்குதான். 2002ல சல்ஸ்டன், பிரென்னர், ஹார்விட்ஸ் மூணு பேருக்கும் நோபல் கொடுத்தது இந்த மாதிரி வேலைக்குத்தான்.

புழு வேணாம், உங்க கையைப் பாருங்க. கருவுல முதல்ல விரலே கிடையாது, தட்டையா ஒரு தகடு, இடையில இருக்கற செல் செத்து விலகினாதான் விரல் விரலா பிரியும், வாத்துக்கு அது நடக்கறதில்ல, அதான் கால்ல சவ்வு. மூளையும் அப்படித்தான், சின்ன வயசுல நரம்பு இணைப்பு எக்கச்சக்கமா இருக்கும், அப்புறம் பயன்படாததை அதுவே கழிச்சுக்கும். போட்டோ ஃபிலிம் டெவலப் பண்ணவங்களுக்கும் தெரியும், ஒளி படாத வெள்ளி உப்பைக் கழுவி விடலன்னா படம் நிக்காது.

இப்ப எகனாமிக்ஸுக்கு வாங்க. இங்க கூட்டல் மட்டும்தான். வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவுக்கு தேசிய வருமானக் கணக்கு போட்டுக் கொடுத்த சைமன் குஸ்னெட்ஸே 1934லயே, இந்த எண்ணை வச்சு மக்கள் நல்லா இருக்காங்களான்னு முடிவு பண்ணாதீங்கன்னு அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு எழுதிக் கொடுத்தார், அப்புறம் ஆயுதச் செலவு, விளம்பரச் செலவு இதையெல்லாம் கழிக்கணும்னும் சொன்னார். எண்ணை எடுத்துகிட்டாங்க, கழித்தலை விட்டுட்டாங்க.

1990ல மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் சேந்து மனித வளர்ச்சிக் குறியீடுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஆயுசு, படிப்பு, வருமானம் மூணும் சேத்து. நல்ல வேலைதான், அப்பவே இலங்கையில ஆள் வருமானம் பிரேசிலைவிட ரொம்பக் கம்மி, ஆனா ஆயுசு கூடுதல்னு பளிச்சுனு தெரிஞ்சுது. ஆனா அதுலயும் அழிஞ்சதுக்குன்னு ஒரு கட்டம் கிடையாது.

நம்ம சென்னை பள்ளிக்கரணையை எடுத்துக்கோங்க. சதுப்பு நிலத்துல பெரும்பகுதி போயிடுச்சு, மேல எழும்பின கட்டடம் எல்லாம் ஜிடிபியில ஏறிச்சு, தண்ணியை வாங்கி வச்சுக்கற இடம் போனது எங்கயும் குறையல. 2015 டிசம்பர்ல வெள்ளம் வந்துச்சு, மோட்டார் வாடகை, கார் சர்வீஸ், புது ஃப்ரிட்ஜ், ஆஸ்பத்திரி பில்லு, அதுவும் கணக்குல கூட்டல்தான்! மிச்சம் இருக்கற சதுப்பு 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேந்துடுச்சு, சந்தோஷம், ஆனா அது அங்க சும்மா கிடக்கறதால நமக்குக் கிடைக்கிற லாபத்துக்கு இன்னிக்கும் ஜிடிபியில ஒரு ரூபா கூட போடறதில்ல.

உயிரியல்காரங்க செத்த செல்லையும் சேத்து எண்ணினாங்க, அதனாலதான் அவங்களுக்கு 131ங்கற எண்ணே கிடைச்சுது. சரி, கேள்வி இருந்தா கேளுங்க, டீ வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகுமாம்.