ராகேஷ் சர்மா: அந்த எட்டு நாளுக்கு முன்னும் பின்னும்

[திரையில்: மலையகப் பாடசாலை ஒன்றின் வகுப்பறை]

வணக்கம் தம்பி, தங்கச்சிமாரே. "விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் யார்?" பொது அறிவுப் போட்டியில் கேட்டால் ராகேஷ் சர்மா என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அவர் விண்வெளியில் இருந்தது எட்டு நாள்கூட இல்லை. விமானியாக வேலை பார்த்ததோ முப்பது வருடத்துக்கு மேல். அந்த வருடங்களைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: மிக்-21 போர் விமானம்]

1949இல் பட்டியாலாவில் பிறந்தவர். 1970இல் இந்திய விமானப்படையில் விமானியானார். மறுவருடமே பாகிஸ்தானோடு போர் வந்தது. மிக்-21இல் 21 தடவை போருக்குப் பறந்தார். அப்போது வயது 22.

அப்புறம் டெஸ்ட் பைலட் ஆனார். சர்மாவின் கதையில் முக்கியமான இடம் இதுதான் என்பது என் எண்ணம். புது விமானத்தை, மாற்றம் செய்த விமானத்தை முதலில் ஓட்டிப் பார்ப்பவர் டெஸ்ட் பைலட். வேகத்தைக் கூட்டினால் எங்கே அதிர்கிறது, எந்தக் கோணத்தில் தூக்குவிசை (விமானத்தை மேலே தாங்கும் விசை) போய்விடுகிறது என்று கவனித்து, இறங்கி வந்து பொறியியலாளருக்குப் பிசகில்லாமல் சொல்ல வேண்டும். பயம் வந்தாலும் கவனம் சிதறக் கூடாது. விண்கலத்துக்கும் அப்படி ஒரு ஆள்தானே வேண்டும்?

[திரையில்: சோயுஸ் ஏவப்படும் காட்சி]

சோவியத்தும் இந்தியாவும் சேர்ந்து செய்த விண்வெளிப் பயணத்துக்கு 1982இல் தெரிவானார். மொஸ்கோவுக்குப் பக்கத்தில் பயிற்சி. கருவிப் பலகை முழுக்க ரஷ்ய எழுத்து என்பதால் முதலில் ரஷ்ய மொழி படித்தார். 1984 ஏப்ரல் 3ஆம் திகதி, மாலிஷெவ், ஸ்ட்ரெகாலோவ் என்ற இரண்டு சோவியத் வீரர்களோடு சோயுஸ் டி-11 விண்கலத்தில் கிளம்பி, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த சல்யூட் 7 என்ற சோவியத் விண்வெளி நிலையத்துக்குப் போனார். எடையில்லாத நிலையில் உடம்பு சோர்ந்துவிடாமலிருக்க யோகா உதவுமா என்று செய்து பார்த்தார். மேலேயிருந்து இந்திய நிலப்பரப்பைப் படம் பிடித்தார்.

அங்கே ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. நிலையம் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால் தரையைத் தொடுவதில்லை. பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஒரு பகல் போய்விடும். அந்த வேகத்தில் ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுவதால் மிதக்கிறார்கள்.

[திரையில்: நீலகிரித் தேயிலை மலை]

சரி, திரும்பி வந்து என்ன செய்தார்? பழைய வேலைக்கே போனார். 1987இல் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, விமானம் தயாரிக்கும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் தலைமை டெஸ்ட் பைலட் ஆனார். 2001 வரைக்கும் பறந்தார். பிறகு குடியேறியது நீலகிரி, குன்னூரில். மலையக மக்கள் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து போன நம் சொந்தக்காரர்கள் பலர் கொழுந்து பறித்த அதே மலை.

[திரையில்: உயர்தர மாணவர்கள்]

2025இல் விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லாவும் விமானப்படை டெஸ்ட் பைலட்தான். இந்தப் பக்கம் ஆசை உள்ளவர்கள் உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுங்கள். நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அந்தப் பிரிவு இல்லை என்பது எனக்கும் தெரியும். சாதாரண தரப் பெறுபேறு வந்த உடனே, அந்தப் பிரிவு உள்ள நகரப் பாடசாலைக்கு விண்ணப்பம் போடுங்கள்.