ஆறு குரல் போதும்

நேயர்களுக்கு வணக்கம். நான் பெரம்பூர்க்காரன். ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி என்று எங்கள் பக்கத்து சர்ச்சுகளில் கொயரில் பாடி வளர்ந்த ஆறு பேர் சேர்ந்து ஒரு சின்னக் குழுவாகப் பாடுகிறோம், கீபோர்டு கிடையாது, கிட்டார் கிடையாது, வெறும் குரல்தான். பாடுவதில் பாதி நானூறு வருஷத்துக்கு முந்தையது, மீதி நம் காலத்தில் எழுதியது. கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "ஆறு பேர் பாடினா அது கொயரா?" என்றுதான்.

கொயர்தான். வில்லியம் பேர்ட் என்று ஒரு இங்கிலாந்துக்காரர், 1623-இல் காலமானவர். கத்தோலிக்கர், அந்த நாட்டில் அப்போது கத்தோலிக்கத் திருப்பலிக்கு, அதாவது பூசை வழிபாட்டுக்கு, சட்டப்படி தடை. அவர் 1592-க்கும் 1595-க்கும் இடையில் நாலு குரலுக்கு ஒன்று, மூன்று குரலுக்கு ஒன்று, ஐந்து குரலுக்கு ஒன்று என மூன்று திருப்பலி இசை எழுதி, தலைப்புப் பக்கமே இல்லாமல் அச்சில் கொண்டுவந்தார். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறவர்களுக்கு நூறு பேர் எங்கே கிடைப்பார்கள்? இருக்கிற நாலைந்து பேருக்காக எழுதின இசை அது, அந்த அளவில் பாடும்போதுதான் ஒவ்வொரு குரலும் எங்கே போகிறது என்று காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அப்புறம் சுருதி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இந்த இசையின் அழகு எனக்கு இங்கேதான் இருக்கிறது. கீபோர்டில் ஒரு எட்டு சுரத்துக்குள் பன்னிரண்டு கட்டைகளும் சம இடைவெளியில் இருக்கும், அதனால் அதன் அந்தர காந்தாரம் ச-வோடு சேரவேண்டிய இயற்கையான 5:4 அதிர்வு விகிதத்தைவிடக் கூடுதலாக நிற்கும், கிட்டத்தட்ட அரைச் சுரத்தில், அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில், ஏழில் ஒரு பங்கு. தம்பூரா கேட்டுப் பழகிய காது இதை உடனே பிடித்துவிடும். கீபோர்டை ஓரமாக வைத்துவிட்டு மூன்று பேர் ச, க, ப பிடித்து, காந்தாரம் பாடுகிறவர் ஒரு மயிரிழை இறக்கினால் போதும், கூடம் முழுக்க வேறு மாதிரி ஒலிக்கும். நாங்கள் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாடிப் பார்த்துத்தான் சேர்க்கிறோம், பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் கடக்கும்போது மட்டும் நிறுத்தி, திரும்ப ஆரம்பிப்போம்.

சிரமம் இல்லாமல் இல்லை. பெரிய கொயரில் ஒருவர் மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர் தாங்கிவிடுவார், இங்கே டெனருக்கு, அதாவது ஆண்களில் மேல்குரல் பாடுகிறவருக்கு, தொண்டை கட்டினால் டெனரே இல்லை. துணைக்கு வாத்தியம் இல்லாததால் பாட்டு முடிவதற்குள் எல்லாரும் சேர்ந்தே சுருதி இறங்கிவிடுவதும் உண்டு, பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுவதைத் தவிர அதற்கு மருந்து கிடையாது.

சரி, பழசோடு புதுசு எதற்கு? எஸ்தோனியாவில் 1935-இல் பிறந்த ஆர்வோ பார்ட் 1976 வாக்கில் ஒரு முறையைக் கண்டெடுத்தார். ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும், இன்னொரு குரல் ச, க, ப ஆகிய மூன்று சுரங்களில் மட்டுமே நிற்கும். கேட்க எளிது, பாட மிகக் கடினம், குரல் கொஞ்சம் நடுங்கினாலும் தெரிந்துவிடும். பேர்ட் கேட்கிற அதே சுத்தத்தைத்தான் இவரும் கேட்கிறார். இங்கிலாந்தில் ஹில்லியர்ட் குழு என்று நாலு ஆண்குரல்கள், 1974-இல் தொடங்கி 2014 வரை இந்த இரண்டையும் சேர்த்தே பாடினார்கள். எங்களுக்கு அவர்கள்தான் முன்மாதிரி.

வடசென்னையில் நாலு குரல் பிரித்துப் பாடத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. மூன்று பேர் இருந்தால் பேர்டின் மூன்று குரல் திருப்பலியில் முதலில் வரும் கீரியேவை, அதாவது 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற மன்றாட்டை, எடுத்துப் பாருங்கள், மிகச் சிறியது, நோட்டேஷன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாத்தியம் இல்லை என்பதால் உங்கள் குரலுக்கு எது ஒத்துவருகிறதோ அந்தச் சுருதியில் ஆரம்பிக்கலாம்.