கொரியன் சீரியல் பார்த்தும் பேச வரலையே, ஏன்?

அடுத்த கேள்வி. "ஒரு வருஷமா சப்டைட்டிலோட கொரியன் சீரியல் பாக்குறேன், நாலஞ்சு பாட்டு மனப்பாடம். ஆனா சொந்தமா ஒரு வரி பேச வரல, ஏன்?"ன்னு கேட்டிருக்கீங்க.

கண்ணு இங்கிலீஷ் வாசிக்குது, காது சும்மா இருக்கு, அதான். இன்னொண்ணு, கொரியன்ல நம்ம மாதிரியே வினைச்சொல் கடைசில வரும். 'நா ஜிபெ கா'ன்னா 'நான் வீட்டுக்குப் போறேன்', வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. இங்கிலீஷ் சப்டைட்டில் அதைப் புரட்டிப் போட்டுடும். எந்தச் சத்தத்துக்கு எந்த அர்த்தம்னு ஒட்டவே ஒட்டாது.

முதல்ல ஹங்குல், அதாவது கொரியன் எழுத்து. அடிப்படைல 14 மெய், 10 உயிர், அவ்வளவுதான். 247 எழுதிப் பழகின கைக்கு ஒரு வாரம் போதும். பாட்டு வரியை இங்கிலீஷ் எழுத்துல படிச்சா e, u ரெண்டையும் சேத்து 'eu'ன்னு போட்டிருக்குற இடத்தை 'யூ'ன்னு இழுத்துடுவோம். அது 'காசு', 'பாட்டு' கடைசில உதடு குவியாம வருதே, அந்த உகரம். உங்க வாய்ல ஏற்கெனவே இருக்கு.

அப்புறம், முழு எபிசோடு வேண்டாம். ரெண்டு பேர் பேசுற ஒரு நிமிஷக் காட்சி எடுங்க. சப்டைட்டில் இல்லாம மூணு தடவை கேட்டு, காதுல விழுந்ததை எழுதுங்க. அதுக்கப்புறம் கொரியன் சப்டைட்டில் போட்டு ஒப்பிடுங்க. கடைசியா வேகத்தை 0.75க்கு இறக்கி, கூடவே பேசுங்க.

உதாரணத்துக்கு, 'சாப்டியா?' உங்க காதுல 'பம் மொகொஸ்ஸொ'ன்னு விழும். 'பம்'மை அகராதில தேடினா ராத்திரின்னு வரும், மண்டை காஞ்சிடும். எழுத்துல இருக்குறது 'பப்', சோறு. அடுத்து 'ம' வர்றதால 'ப்' 'ம்' ஆயிடுச்சு. பல், முனை சேந்தா பன்முனை ஆகுதுல்ல, அதே கதை. எழுதிப் பாத்தாத்தான் இது பிடிபடும். வெறுமனே கேட்டுட்டே இருந்தா வருஷம் ஓடிடும்.

இதே 'மொகொஸ்ஸொ'வை மேனேஜர் கிட்ட சொல்லிடாதீங்க, அது 'நீ சாப்டியா?' கணக்கு. கடைசில 'யோ' சேத்தா ஓரளவு மரியாதை. பெரியவங்க கிட்ட வார்த்தையே மாறும், 'ஷிக்ஸா ஹஷொஸ்ஸொயோ?' சீரியல்ல ஃபிரெண்ட்ஸும் காதலர்களும்தான் அதிகம் பேசுறாங்க, அதனால உங்க காதுல ஏறுறது பெரும்பாலும் 'நீ, வா, போ' பேச்சு. யார் யார்கிட்ட பேசுறாங்கன்னும் நோட்டுல குறிச்சுக்கோங்க. ராஜா காலத்துத் தொடர் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், அந்த விகுதிகளைக் கடைத்தெருவுல யாரும் பேசுறதில்ல.

பாட்டு உச்சரிப்புக்கு நல்லது, வாக்கியத்துக்கு அவ்வளவா இல்ல. மெட்டுக்காக வேற்றுமை உருபை விழுங்கிடுவாங்க, உயிரெழுத்தை இழுப்பாங்க. ஒரு சரணம் எடுங்க, எட்டு வரி போதும். பாடாம, பேசுற மாதிரி சொல்லிப் பழகுங்க. அடிக்கடி 'நிகா'ன்னு கேட்கும். 'நீ'ன்னுதான் அர்த்தம். எழுதுறப்போ அது 'நெகா'. 'நான்'ங்கிறதும் வாய்ல 'நெகா'ன்னே வர்றதால, குழப்பம் வேண்டாம்னு பேச்சுல 'நிகா' ஆக்கிட்டாங்க.

எழுத்து படிக்க வந்துடுச்சுன்னா வெரைட்டி ஷோ பக்கம் போங்க. பேசுறதுல பாதியை அவங்களே பெரிய கொரியன் எழுத்துல திரையில போட்டுடுவாங்க, பாஸ் பண்ணிப் பண்ணி வாசிக்கலாம்.