செல்போனில் இரண்டு மணி நேரம், கணக்கில் இரண்டு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வரும் நம் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "செல்போனைக் கொடுத்தா ரெண்டு மணி நேரம் அசையாம உக்கார்றான் மேடம். கணக்கு நோட்டைத் திறந்தா ரெண்டே நிமிஷம். அப்ப இது சோம்பேறித்தனம்தானே?"

இல்லைங்க. இது ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடாக இருக்கலாம். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்குக் கவனமே கிடையாது என்று நினைக்காதீர்கள். அதை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம் பிடித்து வைப்பதுதான் சிரமம். செல்போன் விளையாட்டில் நொடிக்கு நொடி ஏதாவது கிடைக்கிறது. கணக்குப் போட்டதன் பலன் எப்போதோ வருகிறது. மூளையில் டோபமின் போன்ற ரசாயனங்கள் வேலை செய்யும் விதம் மாறுபடுவதால், பலன் தள்ளிப்போகும் வேலையில் இவர்களால் நிலைக்க முடிவதில்லை. அடித்தால் இது சரியாகாது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

இது செல்போன் கொண்டுவந்த புது வியாதியும் இல்லை. 1902லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியிருக்கிறார். சர்க்கரையாலும் வருவதில்லை, தாயின் வளர்ப்பாலும் வருவதில்லை. மரபணுவுக்குத்தான் இதில் பெரிய பங்கு.

பெங்களூரில் இன்னொன்றும் சொல்வார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷையில் குழந்தை குழம்பிவிட்டது, தமிழை நிறுத்துங்கள் என்று. பல மொழி கேட்டு வளர்வதால் ஏடிஹெச்டி வராது. பாட்டியிடம் பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்காதீர்கள். அதே சமயம், இங்கிலீஷ் புரியாமல் விழிக்கும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று வகுப்பில் நினைத்துவிடுவதும் நடக்கிறது. அதனால்தான் வீட்டில், தமிழில் பேசும்போதும் இதே சிக்கல் உண்டா என்று கேட்கிறோம். ஏடிஹெச்டி என்று சொல்ல, அறிகுறிகள் வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு சூழல்களில் தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை பெண் பிள்ளைகளைப் பற்றித்தான். பலர் ஓடுவதில்லை, குதிப்பதில்லை. வாட்டர் பாட்டிலைத் தொலைப்பாள், பரீட்சையில் பாதிக் கேள்வியை விட்டுவிடுவாள். "நல்ல பொண்ணு, கொஞ்சம் மறதி" என்றே வருஷங்கள் ஓடிவிடும். தன் குழந்தையைக் காட்ட வந்த இடத்தில்தான், தனக்கும் இது உண்டு என்று சில தாய்மார்களுக்குத் தெரிய வருகிறது. அத்தனை வருஷமும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள்.

மருந்து எல்லாருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால் பயந்து மறுக்காதீர்கள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார்.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள், தூக்கம் போதுமா என்று பாருங்கள். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள் மனநலத்துக்குத் தனித் துறை இருக்கிறது. அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட் கார்டுகளை எடுத்துப் போங்கள். வகுப்பு டீச்சரிடம் அவர் கவனித்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.