அத்தை வீட்டு வாசலில் கேரவன்: காட்பாடியில் நிறுத்துவதற்கு முன் பார்த்தவை

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பின்னால் தெரிகிற வெள்ளைக் கேரவனை, அதாவது காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதி கொண்ட டிரெய்லரை, நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள்: 16 அடி நீளம், 7 அடி அகலம், சாமான்களோடு சுமார் 1,200 கிலோ எடை, ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள். அது நிற்கிற இடம்தான் புதியது. தேசிய நெடுஞ்சாலை 48-இல் ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாக வந்து, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, வேலூரின் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் என் அத்தை வீட்டு முன்முற்றத்தில் அதை நிறுத்தியிருக்கிறேன். உறவினர் வீட்டில் கேரவனை நிறுத்தித் தங்கலாமா என்று உங்களில் பலர் கேட்டிருப்பதால், இன்றைய பதிவு முழுவதும் அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

நிறுத்தலாம். ஆனால் கேட்டின் அகலத்தை அளப்பதற்கு முன், அந்த முற்றத்தின் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் வீடுகளில் குடிநீருக்கான சம்ப், கழிவுநீருக்கான செப்டிக் டேங்க், சில வீடுகளில் உறிஞ்சு குழி ஆகிய மூன்றும் பெரும்பாலும் வீட்டின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோதான் புதைந்திருக்கின்றன. மேலே ஒரே சீராக டைல்ஸோ பேவர் பிளாக்கோ பதித்திருப்பார்கள் என்பதால் புதிதாக வருகிறவருக்கு எதுவும் தெரியாது.

மாமாவிடம் கேட்டபோது, "தினமும் கார் நிற்கிற இடம்தானே, உன் வண்டிக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனினும் 1,200 கிலோ எடையுள்ள கார் அந்த எடையை நான்கு சக்கரங்களில் பகிர்ந்துகொள்வதால் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 300 கிலோதான் வருகிறது. அதே எடையுள்ள ஒற்றை அச்சு டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றி நிறுத்தினால் ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் 500 கிலோவுக்கு மேல் இறங்குகிறது, மீதமுள்ள 100 முதல் 180 கிலோ வரை முன்னால் இருக்கும் சிறிய ஜாக்கி சக்கரத்தின் மேல் உட்காருகிறது. கார் காலையில் கிளம்பி மாலையில் வரும். டிரெய்லரோ அதே புள்ளியில் நாள்கணக்கில் நிற்கும். சம்ப்பின் சிலாப் எத்தனை அங்குலத்துக்கு, எந்தக் கம்பி கட்டிப் போடப்பட்டது என்பது அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கு மட்டுமே தெரிந்திருக்கும் என்பதால், சோதித்துப் பார்க்கும் விஷயமாக அதை நான் நினைக்கவில்லை. கேமராவைச் சற்றுக் கீழே திருப்புகிறேன்: சுண்ணாம்புக் கோட்டால் குறித்திருக்கும் இந்தச் சதுரம்தான் சம்ப், அதோ மூலையில் இருப்பது செப்டிக் டேங்க். மூடிகள் இருக்கும் இடத்தைக் கொண்டும், கடப்பாரையின் அடிப்பக்கத்தால் தரையைத் தட்டியபோது எழுந்த ஓசையைக் கொண்டும் மாமாவும் நானும் சேர்ந்து இந்தக் கோடுகளைப் போட்டோம். மூன்று சக்கரங்களும் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. ஜாக்கி சக்கரத்தின் கீழே ஒரு தடித்த மரப்பலகையையும் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் அந்தச் சிறு சக்கரம் ஒரே ஒரு பேவர் கல்லை அழுத்தி உள்ளே இறக்கிவிடும்.

கீழே பார்த்த பிறகு மேலே பாருங்கள். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர், போர்டிகோவின் விளிம்பு, கேட்டுக்கு மேல் கட்டியிருக்கும் வளைவு, தாழ்ந்து நிற்கும் மாமரக் கிளை ஆகிய அனைத்தையும் கூரைமேல் இருக்கும் காற்றுப்போக்கியின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். தென்னை மரத்தடியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இனி உள்ளே நுழைவது. வீட்டை உயர்த்திக் கட்டியிருந்தால் கேட்டுக்கு முன்னால் ஒரு செங்குத்தான சாய்தளம் இருக்கும். காரில் அதை ஒரு நொடியில் ஏறிவிடுகிறோம், ஆனால் டிரெய்லர் இணைக்கப்பட்டிருக்கும்போது காரும் டிரெய்லரும் சாய்தளத்தின் உச்சியில் மேல்நோக்கிய கோணத்திலும், அடியில் கீழ்நோக்கிய கோணத்திலும் மடிகின்றன. அடிப்பகுதியில்தான் இரண்டையும் இணைக்கும் கொண்டி தரையில் உரசும். இரண்டு பலகைகளைச் சக்கரப் பாதையில் போட்டால் சரிவு நீண்டு மென்மையாகிவிடும். சரிவின் மேல் நிற்கும்போது எக்காரணம் கொண்டும் கொண்டியைக் கழற்றாதீர்கள். சமதளத்துக்கு வந்து, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகே கழற்ற வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது.

பின்னோக்கி எடுக்கும்போது டிரெய்லர், ஸ்டியரிங் திரும்பும் திசைக்கு எதிர்த்திசையில் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் நகரும் என்பதால் குழப்பம் குறைகிறது. நீளம் குறைவான டிரெய்லர் மிக விரைவில் மடங்கிக்கொள்ளும். நீளமானதை எடுப்பது உண்மையில் எளிது. அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வந்திருந்த மாமாவின் தம்பி எனக்குக் கை காட்டினார். டிராக்டரில் டிப்பரை வயல் வரப்புக்குள் பின்னால் விட்டுப் பழகியவருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை, இணையத்தில் இருக்கும் எந்தக் காணொலியையும்விட அவருடைய "ஒடி, ஒடி, இப்ப நேரா விடு" எனக்கு உதவியது. தெருவில் பத்துப் பேர் கூடி, இங்கே படப்பிடிப்பு நடக்கிறதா, எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று கேட்டதையும் சொல்லியாக வேண்டும்.

காந்தி நகரின் தெருக்களில் இப்படித் திருப்புவதற்கு இடம் கிடைத்தது. வேலூர் லாங் பஜாரைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் உறவினர் வீடு இருந்தால், கேரவனை வெளியே எங்காவது விட்டுவிட்டு ஆட்டோவில் போவதே மேல். வண்டியைத் தெருவிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள்: பிறருக்கு ஆபத்தோ தடையோ ஏற்படும் வகையில் பொது இடத்தில் வாகனத்தை விடுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 122-ஆவது பிரிவு தடுக்கிறது, டிரெய்லரும் அதற்குள் அடங்கும்.

சமன் செய்வதற்குக் கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று போதும். முதலில் இடம் வலமாகப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்தின் கீழ் பலகை வைத்து ஏற்றுங்கள், அதன்பின் ஜாக்கி சக்கரத்தை ஏற்றி இறக்கி முன்பின்னாகச் சரிசெய்யுங்கள். மூலைகளில் இருக்கும் தாங்கு கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டுமே; அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்கினால் அதன் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். அம்மோனியாவில் இயங்கும் கேஸ் குளிர்பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சமன் இன்னும் முக்கியம், சாய்வாக நின்றால் அது சரியாகக் குளிராது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று நீளமாகவே பேச வேண்டும். 'மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு' என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் சொலவடை இந்த ஊர்க்காரர்கள் அனைவருக்கும் தெரியும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் இவ்வூர் வெயிலில், தகட்டுச் சுவர் கொண்ட கேரவனுக்குள் ஏசி இல்லாமல் பகலில் உட்கார முடியாது. போர்டிகோவில் விளக்குக்காகப் போடப்பட்ட சிறிய பிளக் பாயிண்டில் அடாப்டர் செருகி ஏசியை இயக்குவது மிகத் தவறான வழி. அந்த வயர் விளக்குக்கு மட்டுமே போதுமானதாக இருக்கலாம். வாஷிங் மெஷினுக்கான 15 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மூன்று கோர் கேபிளை இழுத்து வாருங்கள். கேபிளைச் சுருளில் விட்டுவைக்காமல் முழுவதும் பிரித்துப் போட வேண்டும், ஏனெனில் சுருண்ட கேபிளுக்கு வெப்பம் வெளியேற வழியில்லை. என் முக்கால் டன் ஏசி சுமார் 800 வாட், கீசர் 2,000 வாட்; இரண்டும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் 12 ஆம்பியருக்கு மேல் போகிறது. அதோடு இன்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் தாங்காது. ஆகவே குளிக்கும் நேரத்தில் சமைக்கக் கூடாது.

எர்த் இணைப்பைச் சோதிக்காமல் செருகாதீர்கள். கேரவனின் உலோக உடல் ரப்பர் டயர்களின் மேல் நிற்பதால், உள்ளே மின்கசிவு ஏற்பட்டு எர்த்தும் இல்லாவிட்டால், அந்த மின்சாரம் தரைக்குப் போக வழியின்றி உடலிலேயே காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிற குழந்தையே அதற்கு வழியாகிவிடும். 30 மில்லிஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என் வண்டியில் இருக்கிறது, அது இல்லாத கேரவனை நான் எந்த வீட்டிலும் செருக மாட்டேன்.

தண்ணீரில் பெரிய சிக்கல் இல்லை. குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் சம்ப் நிறைந்த பிறகு என் தொட்டியை நிரப்பிக்கொள்கிறேன். குடிப்பதற்கு இல்லையென்றாலும் போர் தண்ணீரைத் தவிர்க்கிறேன், அதன் உப்பு கீசரில் படிந்துவிடும். கழிப்பறைக்கு வீட்டையே பயன்படுத்துகிறேன். கேரவன் கழிவுப் பெட்டியில் ஊற்றும் சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு உண்டு, அது செப்டிக் டேங்கில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சிலிண்டரில் வரும் எரிவாயு (எல்பிஜி) காற்றைவிடக் கனமானது என்பதால், தப்பித்தவறிக் கசிந்தால் சம்ப் போன்ற பள்ளத்தில் போய்த் தேங்கும். வண்டிக்குள் அடுப்பு ஏற்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் அத்தை. வீட்டில் அறை காலியாக இருக்கும்போது மருமகன் வண்டியில் படுத்தால் தெருவில் என்ன நினைப்பார்கள் என்று முதல் நாள் அவருக்கு முகம் வாடிவிட்டது. தூக்கம் வண்டியில், சாப்பாடு மூன்று வேளையும் வீட்டில் என்று உடன்பாடு ஆன பிறகே சமாதானமானார். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் அவர் செய்யும் குழம்பு இருக்கையில் அந்த உடன்பாட்டில் எனக்கு நட்டமில்லை. மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவர்களின் இரு சக்கர வாகனங்கள் இரவு எந்நேரமும் வெளியே போக வேண்டும், காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட இடம் வேண்டும், சிலிண்டர் கொண்டு வருபவருக்கும் தண்ணீர் கேன் போடுபவருக்கும் வழி வேண்டும். ஆகவே அத்தையிடம் அனுமதி வாங்கியதோடு நிற்காமல் மாடிக்கும் போய்க் கேட்டேன், வண்டியை ஒன்றரை அடி சுவர்ப் பக்கம் தள்ளியும் விட்டேன்.

கடைசியாகக் கட்டணம். தமிழகத்தில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் சில யூனிட்டுகள் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றிக் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழும். என் ஏசி இரவில் 8 மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 6.4 யூனிட், ஒரு வாரத்துக்குச் சுமார் 45 யூனிட். வழக்கமாக 460 யூனிட்டில் நிற்கிற வீட்டை நான் ஒருவனே அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட முடியும். பணத்தைக் கையில் கொடுத்தால் அத்தை வாங்க மாட்டார், கொடுக்க முயல்வதே அவரை வருத்தும். அதனால் மீட்டர் பெட்டிக்கு அருகில் எழுதியிருக்கும் மின் இணைப்பு எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். கணக்கெடுத்து முடிந்தவுடன் முழுத் தொகையையும் செயலி வழியாக நானே கட்டிவிடுவேன். இந்தப் பதிவை அத்தை பார்ப்பதற்குள் கட்டிவிட வேண்டும்.