இறப்புச் சான்றிதழில் வராத வெயில்

[திரையில்: ஒரு இறப்புச் சான்றிதழ். காரணம் எழுதும் கட்டம் மட்டும் பெரிதாகிறது.]

அறுபத்தெட்டு வயதுப் பெரியவர். மே மாதம், தகரக் கூரை வீடு. காலையில் காபியோடு எழுப்பப் போனால் உடம்பில் உயிர் இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ‘மாரடைப்பு’ என்று எழுதிக்கொடுக்கிறார். அவர் எழுதியது பொய் இல்லை. நின்றது இதயம்தான். ஆனால் ஒரு வாரமாக அந்தத் தகரத்துக்குக் கீழே எவ்வளவு சூடு இருந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

இந்தப் பெரியவர் என் கற்பனை. இவர் மாதிரியானவர்களை எப்படி எண்ணுவது? ஒரு ஊர் எண்ணிப் பார்த்தது. அகமதாபாத்.

[வரைபடம்: குஜராத். அகமதாபாத் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.]

அகமதாபாத்காரர்களுக்கு வெயில் புதிதில்லை. மே மாதத்தில் 42 டிகிரி அடித்தால் அங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். ஆனால் 2010 மே 21 அன்று 46.8 டிகிரி. அந்த மாதம் வெயிலால் செத்தார்கள் என்று பெயர் போட்டு எழுதப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பிற்பாடு ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். யார் எதனால் இறந்தார் என்பதையே விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்தார்கள்.

[திரையில் இரண்டு தூண்கள் எழுகின்றன: 3,118. பக்கத்தில் 4,462.]

2009, 2011 ஆகிய இரண்டு வருஷத்து மே மாதங்களின் சராசரி 3,118 இறப்புகள். 2010 மே மாதம் 4,462. வித்தியாசம் 1,344. நாளுக்கு நூறு பேர் இறக்கும் ஊரில் நாளுக்கு நூற்று நாற்பத்து நான்கு பேர். இதற்குப் பெயர் மிகை இறப்பு. கணக்கு என்று பார்த்தால் வெறும் கழித்தல்தான், மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் அதைப் போடும்வரை ஆயிரத்துச் சொச்சம் பேர் மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, முதுமை என்று வேறு வேறு பெயர்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள்.

எந்தச் சாவை வெயில் கணக்கில் எழுதுவது என்கிற சண்டை நம் நாட்டில் மட்டும் இல்லை. 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் வெப்ப அலை. பிணவறையில் இடம் போதாமல் குளிர்சாதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போதும் மேயர் ரிச்சர்ட் டேலி, எல்லாச் சாவையும் வெயில் கணக்கில் எழுதிவிட முடியுமா என்கிற தொனியில்தான் பேசினார். கடைசியில் மிகை இறப்புக் கணக்கு சொன்னது: 739.

சரி, வெயில் எப்படி மாரடைப்பாக மாறுகிறது?

[அனிமேஷன்: மனித உடல். இதயத்திலிருந்து தோலை நோக்கி ரத்தம் பாய்கிறது.]

உடம்பு சூட்டை வெளியே தள்ள இரண்டு வேலை செய்யும். ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், வியர்க்கவைக்கும். தோலுக்கு ரத்தம் போகவேண்டும் என்றால் இதயம் வேகமாக அடிக்கவேண்டும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருந்தால் ரத்தம் கெட்டியாகும், சிறுநீரகம் திணறும். இருபத்தைந்து வயதுக்காரர் தாக்குப்பிடிப்பார். ஏற்கெனவே இதய நோய் இருப்பவருக்கு அது ஓய்வே இல்லாத ஓட்டம். வயதானால் தாகம் எடுப்பதும் குறைந்துவிடும். “தண்ணி வேணுமாப்பா?” என்று கேட்டால் “வேண்டாம்”தான் பதில்.

பகலை விட ராத்திரியைத்தான் நான் பயந்து பார்ப்பேன். சூரியன் போன பிறகு உடம்பு ஆறவேண்டும். நகரத்தில் காங்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி மெதுவாகக் கக்கும். சுவரில் கை வைத்துப் பாருங்கள், பத்து மணிக்கும் கதகதவென்று இருக்கும். அந்த அறையில் மின்விசிறி சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். மூன்றாவது ராத்திரி, நான்காவது ராத்திரி என்று போகப் போகத்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

எத்தனை டிகிரியில் ஆபத்து என்று கேட்டால் ஊருக்கு ஊர் பதில் மாறும். லண்டனில் பகல் வெயில் 25 டிகிரியைத் தொட்டாலே இறப்பு ஏறத் தொடங்கும். நமக்கு அது குளிர்காலம்.

‘எப்படியும் நாலு நாளில் போகவேண்டியவர்கள்தானே’ என்று சிலர் கேட்பார்கள். கொஞ்சம் பேர் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்கள் எல்லாம் எப்படியும் போகவேண்டியவர்கள் என்றால் அடுத்த மாதங்களில் இறப்பு அதே அளவுக்குக் குறைந்திருக்கவேண்டும். குறையவில்லை.

[திரையில்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.]

அகமதாபாத் மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். முன்னறிவிப்பு 41ஐத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45க்குச் சிவப்பு. அப்புறம் தண்ணீர்ப் பந்தல், ஆஸ்பத்திரிகளுக்கு முன்கூட்டியே தகவல், குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு.

எனக்குப் பிடித்தது இதையெல்லாம் விடச் சின்ன விஷயம். அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு மேல் மாடியில், நேராக மொட்டை மாடிக்கு அடியில் இருந்தது. பிறந்து ஒரு நாள், இரண்டு நாள் ஆன குழந்தைகள் காய்ச்சலும் நீர் வறட்சியுமாகத் தீவிர சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தன. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அப்படிப் போகும் குழந்தைகள் குறைந்தன. புது மருந்து இல்லை, மெஷின் இல்லை. கட்டில்களை மாடிப்படி வழியாகக் கீழே இறக்கியதுதான் வைத்தியம்.

[திரை மறுபடி முதல் காட்சிக்கு: இறப்புச் சான்றிதழ்.]

தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்தப் பெரியவரின் மகள் நாளைக்கு விண்ணப்பிக்கப் போனால், கையில் இருக்கும் காகிதத்தில் எழுதியிருப்பது ‘மாரடைப்பு’.