அந்தக் கசற்றில் கேட்கிற சுருதி யாருடையது?

(கிளிநொச்சியில் இசை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

ஒரு பழைய பதிவைக் கேட்டவுடனே “என்ன உருக்கம்!” என்று சொல்லிவிடுகிறோம். அந்த உருக்கம் பாடினவருடையதா, இயந்திரம் ஓடின வேகம் தந்ததா என்று பார்ப்பதில்லை. பாட்டின் பாவத்தை, அதாவது அது தருகிற உணர்வைப் பற்றி வாய் திறக்குமுன் சுருதியையும் காலப்பிரமாணத்தையும் (பாட்டு ஓடுகிற வேகத்தையும்) சரிபார்த்தாக வேண்டும். வன்னியில் வீடுகளிலும் கோயில்களிலும் தப்பிக் கிடக்கிற திருவிழாக் கசற்றுகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

கணக்கைப் பாருங்கோ. கசற் ஓட வேண்டிய வேகம் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். அது நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக்கட்டை (ஆர்மோனியத்தில் அடுத்த சாவி அளவு) ஏறிவிடும்: ஒரு கட்டையில் பாடினவர் ஒன்றரைக் கட்டையில் பாடுகிற மாதிரி இருக்கும். தாளமும் அதே விகிதத்தில் ஓடும். நிமிடத்துக்கு 72 எண்ணிக்கை வைத்து எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு களை ஆதி தாளத்தில் பத்து ஆவர்த்தனம் (சுற்று) போட்டால் ஏறக்குறைய 67 செக்கன் எடுக்கும். வேகம் கூடின கசற்றில் அது 63 செக்கனில் முடியும். குரலும் இளசாகிவிடும். முகாரி ராகத்தில் இழுத்து நிற்க வேண்டிய இடம் சட்டென்று கடந்து போகும். கேட்கிறவர் “இவர் கொஞ்சம் அவசரக்காரர்” என்று பாடகரில் பழியைப் போடுவார்.

இது ஏன் நடக்கிறது? 1990களில் கரண்ட் இல்லாத வன்னியில் பற்றரியிலும் ஜெனறேற்றரிலும்தான் பதிவு நடந்தது. பற்றரி இறங்க மோட்டர் தளரும், நாடா மெதுவாக நகரும். அப்படிப் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால் சுருதி *ஏறி*க் கேட்கும். பலர் இதைத் தலைகீழாக விளங்கி, பற்றரி இறங்கினால் சுருதியும் இறங்கும் என்கிறார்கள். போடுகிற செற்றின் பற்றரி இறங்கினால்தான் அப்படி. பதிகிற செற்றில் இறங்கினால் எதிர்மாறு.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் ஆதார ஷட்ஜத்தையும் (பாட்டுக்கு அடிப்படையான ‘ஸ’) தாளத்தின் வேகத்தையும் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கோ. கடைசி ஐந்து நிமிடத்திலும் பிடியுங்கோ. தவில்காரர் விறுவிறுப்பில் ஓட்டினால் காலம் ஏறும், சுருதி அசையாது. இரண்டும் ஒரே விகிதத்தில் சேர்ந்து ஏறினால் குற்றம் இயந்திரத்தில். நாதஸ்வரப் பதிவில் மட்டும் ஒரு விட்டுக்கொடுப்பு வேண்டும். வெயில் ஏற ஏற நாயனத்தின் சுருதி தன்பாட்டிலும் சற்று ஏறும், சீவாளி (வாயில் வைத்து ஊதுகிற நாக்கு) மாற்றினாலும் வித்தியாசம் வரும். ஆனால் அரைக்கட்டைக்கு அந்தச் சாட்டு போதாது.

கரண்டில் பதிந்த கசற் என்றால் இன்னொரு சாட்சி உண்டு. பின்னணியில் ஒரு ‘ம்ம்’ இரைச்சல் கேட்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கணினியில் அவுடாசிற்றி போன்ற மென்பொருளில், பாட்டு இல்லாத இடத்தைத் தெரிந்து அலைவரிசைப் படத்தைப் பாருங்கோ. அதில் அளவை (Size) 65536இல் வையுங்கோ. 16384இல் வைத்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் 2.7 ஹேர்ட்ஸ் இடைவெளி, ஒன்றும் பிடிபடாது. இரைச்சல் 53இல் நின்றால் கசற் நூற்றுக்கு ஆறு வேகமாக ஓடுகிறது. 50ஐ 53ஆல் பிரியுங்கோ: 0.943. வேகத்தை 5.7 வீதம் குறைக்க வேண்டும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுகிற கட்டளையையே பாவியுங்கோ. சுருதியை மட்டும் இறக்கினால் காலம் பிழையாகவே இருக்கும், சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகமும் கெட்டுவிடும்.

இரண்டு இடத்தில் இது ஏமாற்றும். சரியாக 50இல் ஒரு கோடு தெரிந்தால் அது இப்போது கசற்றைப் போடுகிற இயந்திரத்தின் இரைச்சலாக இருக்கலாம். பக்கத்தில் இன்னொரு கோடு இருக்கிறதா என்று தேடுங்கோ. மற்றது ஜெனறேற்றர். லோட் கூடக் குறைய அதன் மின்சாரமே 50இல் நிற்காது. அங்கே இந்தக் கணக்கை விட்டுவிட்டு சுருதிப்பெட்டியை நம்புங்கோ. நாக்கு வைத்த பெட்டியும் ஆர்மோனியமும் நிலையான கட்டையில்தான் பேசும். ஐந்து கட்டை என்றால் 196 அல்லது 392 ஹேர்ட்ஸ் அளவில் நிற்க வேண்டும். பதிவில் அது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் தொங்கினால் சந்தேகப்படுங்கோ.

பழைய 78 சுற்று இசைத்தட்டுகளுக்கு வேறு சங்கதி. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் அடக்கப் பாடினதைக் கேட்டு “அந்தக் காலத்தில் எல்லாரும் துரிதமாகத்தான் பாடினார்கள்” என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

இனி பாவம். கைபேசிச் செயலிகள் பாட்டுக்கு ‘சோகம்’, ‘அமைதி’ என்று முத்திரை குத்துகின்றன, காலத்தை இரட்டிப்பாக எண்ணி 60ஐ 120 என்கின்றன. அவற்றிடம் ஆரபி, தேவகாந்தாரி என்கிற இரண்டு ராகங்களையும் கொடுத்துப் பாருங்கோ. ஏறும்போது இரண்டும் ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஏழு சுரமும். சுரப் பட்டியலை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஆரபி கமகம் குறைத்து, மத்திம (நடுத்தர) காலத்தில் நிமிர்ந்து நடக்கும். தேவகாந்தாரி காந்தாரத்திலும் நிஷாதத்திலும் ஆறுதலாக அசைந்து, விளம்பத்தில், மெதுவான காலத்தில்தான், தன் முகத்தைக் காட்டும். அவசரப்படுத்தினால் ஆரபிப் பக்கம் சாய்ந்துவிடும். இங்கே காலமே பாவத்தைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் வேகம் பிழைத்த பதிவில் பாவத்தை அளக்கக் கூடாது என்கிறேன்.

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பதிவைக் கேட்டுப் பழகுகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். திருத்தாத பதிவோடு சேர்ந்து பாடினால் ஐந்தரைக் கட்டைக் குரலை ஆறுக்கு இழுப்பீர்கள், மேல் பஞ்சமத்தில் தொண்டை கட்டும். ஆசிரியர்கள் திருத்தின கோப்பைக் கொடுக்கும்போது எத்தனை வீதம் மாற்றினோம், எதை வைத்துத் தீர்மானித்தோம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கோ. திருத்தாத மூலத்தை அழிக்காதேயுங்கோ; உங்கள் கணக்குப் பிழைத்திருந்தால் அடுத்தவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.